நூலகத் தந்தை அரங்கநாதனார்

சோழநாட்டுச் சீர்காழி என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதற்கண் தோன்றுபவர் திருஞானசம்பந்தர். அவ்வூரிலேயே 1892ஆம் ஆண்டில் பிறந்து, நூல் நிலையத் துறைக்கு இலக்கணம் வகுத்த சீர்காழி இராமாமிருத அரங்கநாதனாரையும் உடன் நினைப்போர் நம்முள் சிலரே. பணி நாடித் தமிழகத்தின் எல்லை கடந்து தில்லி மாநகரில் வாழும் நாம் அவரை மறத்தல் தகாது. அவரும் நம்மைப் போலத் தெற்கிலிருந்து வந்து இங்கே வாழ்ந்தவர்; இங்கிருந்தே நாடு முழுமைக்கும் பயன்தரும் பணிக்கு அடிகோலியவர்.

இளமையிலேயே தந்தையை இழந்த அரங்கநாதனார், சீர்காழியில் பள்ளிக் கல்வி முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். 1916இல் முதுகலைப் பட்டம் பெற்றபின் மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராய் விளங்கினார். நல்ல கணித ஆசிரியர் என்னும் பெயரோடு நிறைவாக வாழ்ந்திருக்கலாம். ஆயின் 1924இல் சென்னைப் பல்கலைக் கழகம் அவரைத் தன் நூலகராக அமர்த்தியது.

அப்பதவி தொடக்கத்தில் அவருக்கு உவப்பளிக்கவில்லை. மாணவர் நிறைந்த வகுப்பறையில் பழகியவருக்கு, படிப்போர் அரிதாய் வரும் நூல் நிலையம் சிறைபோல் தோன்றிற்று. கல்லூரிக்கே மீள விழைந்தார். அதற்குள் பயிற்சிக்காக இலண்டன் செல்லும் வாய்ப்பு வந்தது. அங்கே தொழிலாளரும் சிறுவரும் தம் வீட்டுக்குள் புகுவதுபோல நூல் நிலையத்துள் புகுந்து, வேண்டிய நூலைத் தம் கையால் எடுத்துப் படிப்பதைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தை மாற்றியது.

இலண்டன் கடையொன்றில் விற்பனைக்கு வைத்திருந்த விளையாட்டுப் பொருளும் அவர் கருத்தைக் கவர்ந்தது. சில துண்டுகளை வெவ்வேறு வகையாய் இணைத்துப் பற்பல உருவங்களை ஆக்கும் பொருள் அது. நூல்களின் பொருளையும் இவ்வாறே கூறுகளாய்ப் பிரித்து இணைத்து வகைப்படுத்தலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுவே.

1925இல் தாயகம் திரும்பியவர், பூட்டிய அலமாரிகளைத் திறந்து வைத்தார். நூல் நிலையம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றத் துணைநின்றார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தும் உலகப் புகழ் பெற்றன. நூல் பயன்படுவதற்கே உரியது. ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிட்டவேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடையவேண்டும். வாசகரின் காலம் வீணாதல் கூடாது. நூலகம் வளரும் உயிர் போன்றது. கேட்பதற்கு எளிய இவ்விதிகளைக் கடைப்பிடிப்பது எளிதன்று. நூலைக் காப்பதே நூலகர் கடன் என்றிருந்த காலத்தில், நூலைக் கொடுப்பதே கடன் என்று அவர் நிலைநாட்டினார்.

1945இல் காசி இந்துப் பல்கலைக் கழகம் சென்ற அரங்கநாதனார், ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைப் பெரும்பாலும் தம் உழைப்பாலேயே வகைப்படுத்தினார். 1947இல் தில்லிப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். இங்கே அவர் கருத்து விஞ்ஞானிகள்பால் சென்றது. விஞ்ஞானிக்கு வேண்டுவது தடித்த நூலன்று. சென்ற திங்கள் எங்கோ ஓர் ஆய்விதழில் வெளிவந்த சில பக்கக் கட்டுரை. அது கிட்டாவிடின், பிறர் முன்பே கண்டதைக் காண மீண்டும் ஆண்டுகளைச் செலவிட நேரும். வறிய நாட்டுக்கு இது பேரிழப்பு. ஆதலின் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் ஆவணப் பணி நூலகத்தின் இன்றியமையாக் கடமை என அவர் வலியுறுத்தினார். 1952இல் யுனெஸ்கோவின் உதவியுடன் தில்லியில் இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம் தோன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தொலைவூர் ஆய்வாளர் கேட்ட கட்டுரையின் படி அவருக்கு அனுப்பப்பட்டது. பிறமொழிக் கட்டுரைகள் மொழிபெயர்த்தும் தரப்பட்டன. அம்மையம் 1954இல் தொடங்கிய நூலகவியல் ஆய்விதழுக்கு அரங்கநாதனாரே ஆசிரியராய் இருந்தார்.

பின்னர் பெங்களூரில் வாழ்ந்தபோது, 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவணப் பயிற்சி மையத்தை நிறுவினார். தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு ஈந்து, மனைவியார் சாரதையின் பெயரும் தம் பெயரும் இணைய நூலகவியல் பேராசிரியர் பதவியொன்று அமையச் செய்தார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1965இல் தேசியப் பேராசிரியரானார். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் மறைந்தார்.

அவர் திறந்த அலமாரிக்கு இன்று வேறொரு பூட்டு வந்துள்ளது. கட்டுரைகள் இணையத்தில் நொடிப்பொழுதில் வந்து சேரும். எனினும் சந்தா செலுத்தாதவர் பலவற்றைப் படிக்க இயலாது. மக்கள் வரிப்பணத்தில் நிகழ்ந்த ஆய்வை மக்களே விலைகொடுத்து வாங்கும் நிலை இது. இதனை மாற்றவே, யாவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்க திறந்தநிலை வெளியீடு என்னும் இயக்கம் 2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கையால் வலுப்பெற்றது.

இம்முயற்சியில் விஞ்ஞானிக்கு உற்ற துணை நூலகரே. வெளியீட்டாளர் ஏற்ற கட்டுரையின் கையெழுத்துப் படியை நிறுவனக் களஞ்சியத்தில் சேர்க்க உரிமை உண்டா, எத்தனை திங்கள் காத்திருக்கவேண்டும் என்பவற்றை ஆராய்ந்து கூறுபவர் அவர். ஆசிரியரிடமே பெருங்கட்டணம் கேட்கும் இதழ்களுக்கு மாற்று வழி காட்டுபவரும், போலி இதழ்களை இனங்காட்டி எச்சரிப்பவரும் அவரே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே இத்தகைய களஞ்சியத்தைத் தொடங்கியது. தில்லி ஆவண மையத்தின் வழிவந்த நிறுவனம், அரங்கநாதனார் ஆசிரியராய் இருந்த இதழ் உட்பட, தன் ஆய்விதழ்களைக் கட்டணமின்றி வழங்குகிறது.

2024 நவம்பரில் நடுவணரசு ஒப்புதல் அளித்த ஒரே நாடு ஒரே சந்தாத் திட்டத்தால், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைப் படிக்க வழி பிறந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இது பெருநன்மையே. ஆயினும் அந்நிறுவனங்களுக்கு வெளியே நிற்கும் தனி ஆய்வாளரும், சிற்றூர் மருத்துவரும், தனியார் கல்லூரி மாணவரும் இன்னும் வாயிலில் காத்து நிற்கின்றனர். ஒவ்வொருவருக்கும் உரிய நூல் என்ற இரண்டாம் விதி அவர்களுக்கும் உரியதன்றோ?

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஆய்வுத் துறை புகும் இளைஞர் பலர் உளர். தம் கட்டுரை அச்சேறிய மகிழ்ச்சியோடு நின்றுவிடாமல், அது யாவர்க்கும் எட்டுமாறு செய்ய வழி யாதென்று தம் நூலகரை அவர்கள் அணுகிக் கேட்பாராக. சிலை எடுப்பதினும் அதுவே அரங்கநாதனார்க்கு நாம் செய்யும் சிறந்த கைம்மாறாகும்.