ஹார்வி குஷிங்

எந்நோய்க்கும் அஞ்சாத மருத்துவரும் ஒரு காலத்தில் மூளையைத் தொட அஞ்சினர். மண்டையோட்டைத் திறந்தால் குருதி பெருக்கெடுக்கும். அதனைத் தடுக்கும் வழியோ மிகச் சிலவே. அவ்வச்சத்தைப் பெரிதும் போக்கிய பேரறிஞர் ஹார்வி குஷிங் ஆவார்.

இவர் 1869ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் நாள், அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரில், வழிவழியாக மருத்துவத் தொழில் புரிந்த குடும்பத்தில் பத்தாம் மகவாகப் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலுங்கால், இவர் ஈதர் மயக்கம் கொடுத்த நோயாளி ஒருவர் உயிர் துறந்தார். இளைஞர் குஷிங் உள்ளம் நொந்தார். ஆயினும் வருந்தி ஓய்ந்தாரல்லர். காட்மன் என்னும் உடன்மாணவரோடு கூடி, மயக்கத்திலிருப்போரின் நாடித் துடிப்பையும் மூச்சையும் இடைவிடாது குறித்துவரும் முறையை வகுத்தார்.

மூளையின் மெல்லிய குருதிக் குழாய்களை நூலால் கட்டுதல் அரிது. ஆதலின், அவற்றை நெரித்து மூடும் சிறு வெள்ளிக் கவ்விகளை 1911இல் அமைத்தார். 1926இல் போவி என்னும் அறிஞர் ஆக்கிய மின்கருவியைக் கைக்கொண்டார். குருதிப் பெருக்கால் இடையில் நிறுத்திய அறுவை ஒன்றைச் சில நாள் கழித்து அக்கருவியின் துணையால் செய்து முடித்தார்.

தமனியிலுள்ள குருதி நுண்குழாய்களின் வழியே சிரையை அடைதல் இயல்பு. சிலர் மூளையில் இடையே நுண்குழாய்கள் அமையாமல், தமனியும் சிரையும் நேரே கூடிச் சிக்குண்டு கிடக்கும். குருதியின் வேகம் தாளாது அச்சிக்கல் வெடிப்பின் உயிர்க்கு இறுதி நேர்தலும் உண்டு. இதனைக் குறித்து 1928இல் குஷிங், பெர்சிவல் பெய்லியுடன் கூடி நூலொன்று வெளியிட்டார். இதனை அறுத்தெடுக்க முயல்வது பயன் தராமல் மூளைக்கே பெருந்தீங்கு விளைக்கும் என்று கருதினார். புகழின் உச்சியில் நின்றும், தம் கைக்கு எட்டாததை எட்டியதாகக் காட்டினாரல்லர்.

அவர் நின்ற இடத்திலிருந்து பிறர் மேலே சென்றனர். 1932இல் சுவீடன் நாட்டு ஒலிவெக்ரோனா இத்தகைய சிக்கல் ஒன்றை முழுதும் அகற்றினார். 1937இல் வால்டர் டாண்டி, மூளைத் தமனியில் புடைத்த வீக்கம் ஒன்றின் கழுத்தை வெள்ளிக் கவ்வியால் மூடி நோயாளியைக் காத்தார். பின்னர் வந்தோர்க்கு நுண்ணோக்கியும் துணையாயிற்று.

குஷிங் 1939ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் மறைந்தார். மாணவர்களே! இயன்றதைத் துணிந்து செய்தலும், இயலாததை மறையாது உரைத்தலும் அறிஞர்க்கு அழகு. அவ்விரண்டும் இவர்பால் ஒருங்கே விளங்கின.