செருப்பைக் கழற்றிய குருவானவர்



விடியற்காலையில் பண்ணைப் பக்கம் போய்ப் பாருங்கள். சப்பாத்து மாட்டிய இளைஞர்கள் வேர்வை சிந்த ஓடுகிறார்கள். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் வைத்தியர் சொன்னபடி பெரியவர்கள் கைவீசி நடக்கிறார்கள். தனியாகத் தொடங்கியவர் ஒரு மாதத்துக்குள் நாலு பேருடன் சிநேகிதமாகி விடுகிறார். பாடசாலைகளும் பங்குகளும் நடைபவனி வைத்துத் தருமத்துக்குப் பணம் சேர்க்கின்றன. இவையெல்லாம் நல்ல காரியங்களே. இவற்றைக் காணும்போதெல்லாம், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே குடாநாட்டின் ஒழுங்கைகளில் இரவிரவாக நடந்த ஒருவரின் நினைவு எனக்கு வருகிறது. அவர்தான் புனித யோசப் வாஸ் அடிகளார். அவரை அற்புதங்களுக்காகவே நினைத்துப் பழகிவிட்டோம். இன்று அவருடைய கால்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் 1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆந் திகதி கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில், கத்தோலிக்க பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். நல்ல குடும்பம், நல்ல படிப்பு, பிரசங்கத்தில் பெயர், பாவசங்கீர்த்தனத்துக்கு அவரைத் தேடிவரும் பெரிய மனிதர்கள் எல்லாம் இருந்தும் அந்த இளங்குருவானவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார். ஏழைகள் எப்படி நடந்தார்களோ அப்படியே தாமும் நடக்க வேண்டும் என்பதே காரணம். (இதைப் படித்துவிட்டு நாளைக் காலை சப்பாத்தை எறிந்துவிட வேண்டாம். சீனி வருத்தக்காரருக்கு அது ஆபத்து.)

அந்நாளில் இலங்கையின் நிலை உங்களுக்குத் தெரிந்ததே. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமான பின் கத்தோலிக்க குருக்கள் துரத்தப்பட்டனர். குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நமது முன்னோர் பூசையின்றி, பாவசங்கீர்த்தனமின்றி இருந்தனர். பிள்ளைகளுக்குச் செபங்களைத் தாய்மாரே சொல்லிக் கொடுத்தனர்.

இந்தச் செய்தி கோவாவில் வாஸ் அடிகளாரின் மனதை வாட்டியது. 1686இல் அவர் புறப்பட்டார். அவருடன் ஜோன் என்ற ஓர் ஊழியன் வந்தான். சரித்திரப் புத்தகங்களில் இந்த ஜோனுக்கு இரண்டொரு வரியே கிடைக்கிறது. அது எனக்கு மனக்குறையே. கன்னடக் கரை வழியாகத் தூத்துக்குடி சேர்ந்து, 1687ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று பிச்சைக்காரர் வேடத்தில் கப்பலேறிய குருவின் பக்கத்தில் இருந்தவன் அவன்தான். ஒருவர் பிடிபட்டால் மற்றவரும் அகப்படுவார் என்று அறிந்தே இருவரும் ஒன்றாக வந்தனர்.

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அடிகளார் வயிற்றுளைவினால் குற்றுயிராய்க் கிடந்தார். தொற்றுநோய் என்று பயந்து ஊரார் அவரை ஒதுக்கி வைத்தனர் என்றும், இரங்கிய ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்றும் சொல்லப்படுகிறது. சுகமானதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். படலையில் நிற்கும் பிச்சைக்காரனின் கழுத்தைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று பார்ப்பதே அவர் நோக்கம். வண்டியிலோ பல்லக்கிலோ போகிறவருக்கு இது வாய்க்குமா? நடந்து வந்து, நின்று, முகத்தைப் பார்த்தபடியால்தான் தமது மக்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்தவர்கள் அவரைப் பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே கத்தோலிக்கர் மிகுதியாகவும் உறுதியாகவும் இருந்தனர். பகலில் ஒளிந்திருந்து, இருட்டியதும் ஊர் ஊராக நடந்து பூசை வைத்தார், ஞானஸ்நானம் கொடுத்தார். வீட்டுக்காரர் தங்கள் தலையைப் பணயம் வைத்தே கதவைத் திறந்தனர். ஒரு நத்தார் இரவில் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்துக்கொண்டனர். அடிகளார் தப்பினார், பலர் பிடிபட்டனர். சிலர் கோட்டையில் கடும் வேலை செய்து அங்கேயே மாண்டனர். அவர்கள் பெயருக்குத் திருநாள் கிடையாது.

1690இல் அவர் புத்தளத்துக்குப் போக நேரிட்டது. 1692இல் கண்டி சென்றார். போர்த்துக்கேய ஒற்றன் என்று அங்கே சிறையில் அடைக்கப்பட்டார். நடக்க வழியில்லாத அந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை, சிங்களம் படித்தார். கடும் வறட்சியின்போது அவர் செபித்ததும் மழை பெய்த வரலாறு உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்குச் சுதந்திரம் அளித்தான். உடனே மீண்டும் கால்நடைதான். ஒல்லாந்தரின் காவலையும் மீறிக் கொழும்பு வரை போய்த் தமது மக்களைப் பார்த்து வந்தார்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னன் முதல் குடிகள் வரை ஓடக் கூடியவர்கள் ஓடினர். பெற்றவர்கள் பிள்ளைகளையும், பிள்ளைகள் பெற்றவர்களையும் காட்டில் விட்டுப் போயினர். ஊரே வெளியே ஓடியபோது அடிகளார் நோயாளரைத் தேடி நடந்தார். அவருடன் மருமகன் முறையான யோசப் கார்வாலோ சுவாமியும் இருந்தார். கொட்டில் போட்டுக் கொடுத்தனர், உணவு கொண்டுபோயினர், புண்களைக் கழுவினர், இறந்தவர்களைப் புதைத்தனர். புத்த சமயத்தவர், கத்தோலிக்கர் என்று அவர்கள் பார்க்கவில்லை. அடிகளார் கண்டியில் தொடர்ந்து வேலை செய்ய முடிந்ததற்கு மழையைவிட இந்தச் சேவையே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கோவாவிலிருந்து வந்த ஓறற்றோரியன் குருக்களைக் கொண்டு நாட்டை எட்டு மாவட்டங்களாகப் பிரித்தார். 1705இல் தேடி வந்த ஆயர் பதவியை வேண்டாம் என்றார். 1710இல் உடல் தளர்ந்திருந்தும் இன்னுமொரு முறை மக்களைக் காணப் புறப்பட்டார். அதுவே கடைசிப் பயணம். காய்ச்சலுடன் கண்டி திரும்பி, 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆந் திகதி, தமது 59ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும், 2015இல் பாப்பரசர் பிரான்சிஸும் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் பீடத்துக்கு உயர்த்தினர்.

அவரை அடக்கம் செய்த இடம் எதுவென்று இன்று எவராலும் காட்ட முடியாது. சில்லாலைக்குப் போகும் பாதை இருக்கிறது. காலையில் சயிக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு சிநேகிதரையும் கூட்டிக்கொண்டு, ஒருநாள் அந்த வழியாக நடந்து பாருங்கள்.