தாஜ்மஹால் ஓட்டலைக் கட்டிய டாட்டா

ஊரிலிருந்து உறவினர் வந்தால், மும்பைத் தமிழர்கள் அவர்களை முதலில் அழைத்துப் போகும் இடங்களில் ஒன்று கேட்வே ஆப் இந்தியா. எலிபெண்டா குகைகளுக்குப் படகு ஏறுமுன், எதிரே குவிமாடத்துடன் நிமிர்ந்து நிற்கும் தாஜ்மஹால் ஓட்டலைப் பின்னணியாக வைத்து ஒரு புகைப்படம் எடுத்துக் கொள்வதும் வழக்கம். வளைவு கட்டிய பிறகு அதன் அழகைப் பார்த்துத்தான் ஓட்டல் கட்டியிருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டில் ஓட்டல்தான் மூத்தது. அது திறக்கப்பட்டது 1903-ம் ஆண்டு. கேட்வே திறக்கப்பட்டது 1924-ம் ஆண்டில்தான். அதைக் கட்டியவர் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா.

குஜராத்தில் உள்ள நவ்சாரியில், பார்சி புரோகிதர் குடும்பத்தில், 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி ஜாம்ஷெட்ஜி பிறந்தார். புரோகிதத் தொழிலை விட்டு வியாபாரத்தில் இறங்கிய தந்தை, மகனைப் பம்பாய்க்கு வரவழைத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்க வைத்தார். 1858-ல் படிப்பு முடிந்தது. பிறகு ஹாங்காங், லண்டன் என்று வியாபார நிமித்தம் பயணங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பம்பாய்ப் பருத்திக்குப் பொன் விலை கிடைத்தது. 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. பம்பாயின் பெரிய வியாபாரக் குடும்பங்கள் பல ஒரே ஆண்டில் நொடித்துப் போயின. டாட்டா குடும்பமும் அடிபட்டது. அப்போது லண்டனில் இருந்த ஜாம்ஷெட்ஜி, எதையும் மறைக்காமல் கடன் கொடுத்தவர்களிடம் நிலைமையை எடுத்துச் சொன்னார். அவருடைய நேர்மையைக் கண்ட அவர்கள், கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1868-ல், 21 ஆயிரம் ரூபாய் முதலீட்டில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1877-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி நாகபுரியில் அவர் திறந்த எம்பிரஸ் மில் அவரைப் பெரும் செல்வராக்கியது.

பிளேக் காலத்துத் துணிவு

ஓட்டல் கட்டும் எண்ணம் ஏன் வந்தது? வாட்சன்ஸ் என்ற வெள்ளைக்காரர்களின் ஓட்டலில் இந்தியர் என்பதால் அவரை உள்ளே விடவில்லை, அந்த ஆத்திரத்தில் தாஜைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடையாது. உண்மையான காரணம் அதைவிடப் பெரியது என்றே சொல்ல வேண்டும்.

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. மாண்ட்வி பகுதியில் தொடங்கி நகரெங்கும் பரவியது. மக்கள் லட்சக்கணக்கில் ஊரை விட்டு ஓடினார்கள். மில்களில் ஆள் இல்லை. துறைமுகத்தில் வேலை நின்றது. பம்பாய் இனி எழுந்திருக்காது என்று பலர் கருதிய நேரம் அது. அப்போதுதான், 1898-ல், அப்போலோ பந்தர் கடற்கரையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்தார் ஜாம்ஷெட்ஜி. வெளிநாட்டார் வந்து தங்கி, இந்த அழகிய நகரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும்; பம்பாயின் பெயர் மறுபடி உலகில் எழ வேண்டும் என்பது அவர் ஆசை.

கம்பெனிப் பணத்தில் அல்ல, தம் சொந்தப் பணத்தில் கட்டினார். பிள்ளைகளுக்கும் பங்காளிகளுக்கும் அந்த யோசனை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மில்லும் இரும்பாலையும் விஞ்ஞானக் கழகமும் என்று திட்டமிடுகிறவர் சாப்பாட்டுக் கடையுமா வைக்க வேண்டும் என்று சகோதரி ஒருவர் கேலி செய்ததாகவும் சொல்வார்கள்.

தாமே கடைக்குப் போனார்

கட்டடத்துக்கு முதலில் வரைபடம் தயாரித்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யாவும் டி. என். மிர்சாவும். பாதியில் வைத்யா காலமாகிவிட, சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் வேலையை முடித்தார். முன்புறத்தைத் தவறுதலாகப் பின்புறமாகக் கட்டிவிட்டதால் சிற்பி கடலில் விழுந்து உயிர்விட்டார் என்று வழிகாட்டிகள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். இது வெறும் கட்டுக்கதை. குதிரை வண்டிகள் நகரத்துப் பக்கமிருந்து வந்ததால் வாசலை அங்கே வைத்தார்கள். கடல் காற்றும் காட்சியும் அறைகளுக்குக் கிடைத்தன. அந்தப் பழைய வாசல் பக்கத்தில்தான் பிற்காலத்தில் நீச்சல் குளம் அமைந்தது.

சாமான் வாங்குவதை ஜாம்ஷெட்ஜி யாரிடமும் விடவில்லை. வயது அறுபதைத் தாண்டியும், உடல்நலம் குன்றியும், ஐரோப்பாவெங்கும் தாமே அலைந்தார். ஜெர்மனியின் டுசல்டார்ப் நகரில் மின் இயந்திரங்கள், பாரிசில் இரும்புத் தூண்கள், அமெரிக்காவிலிருந்து மின் விசிறிகள் என்று வந்து இறங்கின. அந்தத் தூண்கள் விருந்து மண்டபத்தைத் தாங்கின. சொந்த மின்சார நிலையம், ஐஸ் தயாரிக்கும் எந்திரம், சோடா ஆலை, லிப்ட், துருக்கி முறைக் குளியல் அறைகள் எல்லாம் ஒரே கூரையின்கீழ்! எண்ணெய் விளக்கும் வாயு விளக்கும் எரிந்த பம்பாயில், இரவில் மின் விளக்குகளால் ஒளிர்ந்த அந்த மாளிகையைப் பார்க்கவே ஜனங்கள் கூடியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

1903 டிசம்பர் 16-ந் தேதி ஓட்டல் திறக்கப்பட்டது. அன்று தங்க வந்தவர்கள் பதினேழே பேர். நடுக் குவிமாட வேலை அப்போது முடிந்திருக்கவில்லை.

சில வாரங்களில் ஜாம்ஷெட்ஜி சிகிச்சைக்காக ஐரோப்பா சென்றார். மார்ச் மாதம் மனைவி ஹீராபாய் இறந்த செய்தி அங்கே வந்து சேர்ந்தது. 1904 மே 19-ந் தேதி ஜெர்மனியின் பாட் நவ்ஹைம் நகரில் அவரும் காலமானார். இங்கிலாந்தில் புருக்வுட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கண்ட கனவுகள் நான்கு. இரும்பாலை 1907-ல்தான் கம்பெனியாகியது. உருக்கு வெளிவர 1912 ஆயிற்று. பெங்களூர் விஞ்ஞானக் கழகம் 1909-ல் அமைந்தது. மலை நீரிலிருந்து பம்பாய்க்கு மின்சாரம் 1915-ல் வந்தது. உயிரோடு இருந்தபோது அவர் கண்ணால் பார்த்தது ஓட்டல் ஒன்றைத்தான்.

முதல் உலகப் போரில் அது 600 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாக மாறியது. 2008 நவம்பர் 26-ல் பயங்கரவாதிகள் புகுந்தபோது, விருந்தினரைக் காக்க முயன்று ஊழியர்கள் பலர் உயிர் இழந்தனர். தீயில் சிதைந்த பழைய மாளிகையைச் செப்பனிட்டு 2010-ல் சுதந்திர தினத்தன்று திறந்தார்கள். அந்த மாளிகையின் பெரிய மாடிப்படியில் ஜாம்ஷெட்ஜியின் மார்பளவுச் சிலை இருக்கிறது.