கோப்பி வித்தின் உட்பொருள் கண்ட ரூங்கே

சீகிரியாக் குன்றினைக் காணச் செல்வோர் காசியப்ப மன்னனையும் சுவரோவியங்களையும் நினைந்து மீள்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் மேல்வகுப்பு மாணவருடன் அங்குச் சென்ற யான் நினைந்து மீண்டதோ ஒரு ஜெர்மானிய இரசாயன அறிஞரை. குன்றேறி இறங்கிக் களைத்த மாணவர் அடிவாரக் கடையொன்றிற் கோப்பி அருந்திக்கொண்டிருந்தனர். ஒரு கோப்பை உட்சென்றதும் களைப்பு அகல்வது எதனால் என்று அவருள் ஒருவன் என்னை வினவினான். பயிற்றப்பட்ட தமிழாசிரியனாகிய யான் பகுபத உறுப்புக்களைப் பிரித்துக் காட்டவல்லேனேயன்றிக் கோப்பியின் உறுப்புக்களைப் பிரித்துக் காட்ட வல்லேனல்லேன். உடன்வந்த விஞ்ஞான ஆசிரியர் சொல்லத் தொடங்கிய விடை, எங்கள் பஸ் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடையும்வரை நீண்டது. பின்னர் யானே தேடிக் கற்றவற்றையும் சேர்த்து அவ்வறிஞரது வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டேன்.

யாங்கள் மீண்ட அவ்வழியும் இவ்வரலாற்றுக்குத் தொடர்பற்றதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து புறப்பட்டு மன்னார்க் கரையில் இறங்கிய ஏழைத் தொழிலாளர், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாகச் சென்ற பாதை அது. சீகிரியா அதற்குக் கிழக்கே காடு மூடிக் கிடந்தது. 1831இல் ஃபோர்ப்ஸ் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி அக்குன்றினைக் கண்டு பின்னர் நூலில் எழுதினார். பாதையில் நடந்தோர்க்கு ஓவியங்காண அவகாசம் ஏது? வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாகி வழியிலேயே மடிந்தோர் மிகப் பலர். எஞ்சியோர் சென்றடைந்தவை கோப்பித் தோட்டங்கள். அக்கோப்பி வித்தினுள் மறைந்திருந்த வலிய பொருளை உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவரே ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ரூங்கே.

அவர் 1794ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி, ஹம்பேர்க் நகரை அடுத்த பில்வேர்டர் என்னும் சிற்றூரிலே லூதர மதகுரு ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். பிள்ளைகள் பலர், வருவாயோ சிறிது. ஆதலின் இளமையிலேயே லூபெக் நகரில் மாமனாரின் மருந்துக்கடையில் தொழில் பயிலச் சென்றார். ஒருநாள் பெல்லடோனாப் பூண்டின் சாறு தெறித்து அவர் கண்ணிற் பட்டது. கண்ணின் கருமணி அகல விரிந்து பார்வை மங்கிற்று. வேறொருவராயின் கண்ணைக் கழுவிவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பர். ரூங்கேயோ, சிறுதுளிச் சாறு கண்மணியை இவ்வாறு ஆட்டிவைப்பது எங்ஙனம் என்று எண்ணலானார். நெப்போலியனின் படைக்குக் கட்டாயமாக இழுக்கப்படவிருந்த நண்பன் ஒருவனின் கண்ணில் இத்தகைய சாற்றினை இட்டு, அவன் பார்வையற்றவன் எனப் படையினரை நம்பச்செய்து காத்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அது மாணவர் பின்பற்றத்தக்க செயலன்று; கண்ணைக் கெடுக்கும் நஞ்சு அது.

பின்னர் அவர் பேர்லின், கொட்டிங்கன், யேனா ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் இரசாயனமும் கற்றார். யேனாவில் அவர்க்கு வாய்த்த ஆசிரியர் டோபரைனர். ஓயாது நச்சுப் பூண்டுகளையே ஆராய்ந்தமையால் உடன்கற்றோர் அவர்க்கு நஞ்சு வைத்தியர் எனப் பட்டப்பெயர் இட்டனராம்.

அக்காலத்து இரசாயன உலகின் நிலையை ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். மூலிகைகள் நோய் தீர்ப்பதும் உயிர் போக்குவதும் அனைவரும் அறிந்ததே. எப்பொருளால் என்பதுதான் மறைபொருளாய் இருந்தது. ஜெர்மனியிற் சேர்ட்டூர்னர் என்னும் இளைஞர் மருந்துக்கடையொன்றிற் பணிசெய்துகொண்டே அபினியிலிருந்து மோர்ஃபீனைப் பிரித்து, தாவரத்துள்ளும் காரத்தன்மையுடைய பொருள் உண்டென முதன்முதற் காட்டினார். இவ்வினப் பொருள்களுக்கு அல்கலாய்டு என்னும் பெயரை 1819இல் இட்டவர் மைஸ்னர் என்னும் மருந்துக்கடைக்காரர். அவர் ஆராய்ந்ததும் சபடில்லா என்னும் செடியின் வித்தினையே. பாரிஸ் நகரில் 1818இல் பெல்லெத்தியேயும் காவன்தூவும், எட்டிமரத்தின் இனத்ததாகிய ஒரு கொடியின் வித்திலிருந்து ஸ்ட்ரிக்னீனைப் பிரித்தனர். அல்கலாய்டுகளின் தொடக்க வரலாறு பெரும்பாலும் மருந்துக்கடைகளின் பின்னறைகளில் நிகழ்ந்த வரலாறே எனலாம்.

1819ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி ரூங்கேயின் வாழ்வில் ஒரு நன்னாள். மகாகவி கதே யேனாவில் தங்கியிருந்தார். அவர்க்கு வயது 70, ரூங்கேக்கு 25. கதே கவிஞர் மட்டுமல்லர், தாவரங்களையும் நிறங்களையும் ஆராய்ந்தவருமாவர். பெல்லடோனாச் சோதனையைத் தமக்கு நேரிற் காட்டுமாறு அவர் டோபரைனர் வாயிலாக மாணவனை அழைத்தார். தகுந்த உடை இல்லாத ரூங்கே மேலங்கியும் உயர்ந்த தொப்பியும் இரவல் வாங்கி அணிந்து, சோதனைக்குரிய பூனையொன்றைக் கையில் இடுக்கிக்கொண்டு கடைத்தெருவூடாக நடந்தார். தெருவெல்லாம் வேடிக்கை பார்த்தது. நேர்முகப் பரீட்சைக்கு இரவற் சட்டையுடன் சென்ற அனுபவம் நம் பழைய மாணவருள்ளும் சிலர்க்கு உண்டு. பூனை இல்லை என்பதே வேறுபாடு.

பூனையின் ஒரு கண்மணி விரிந்தும் மற்றையது ஒடுங்கியும் இருக்கக் கண்டு கதே வியந்தார். விடைபெறும்போது, கிரேக்கர் ஒருவர் தமக்கு அனுப்பிய அரிய கோப்பிக் கொட்டைகள் அடங்கிய சிறு பெட்டியை அவ்விளைஞரிடம் கொடுத்து, இதனையும் ஆராய்க என்று பணித்தார். கோப்பி அந்நாளில் அங்கு விலையுயர்ந்த பொருள். கவிஞர் அளித்த கொட்டையை வறுத்துக் குடியாமல் ஆராய்ந்தமைக்கே ரூங்கேயைப் பாராட்டலாம்.

அவ்வாராய்ச்சியின் அருமையை உணர வேண்டுமாயின் வித்தின் இயல்பை அறிதல் வேண்டும். நாம் மிகுதியும் பயன்படுத்தும் கோப்பியினத்தின் வித்தில், நூறு பங்கில் ஏறக்குறைய ஒரு பங்கே கஃபீன். ஏனையவை எண்ணெய், சர்க்கரைப் பொருள், புரதம், நார் முதலியன. அமிலங்களும் கஃபீனோடு பிணைந்து நிற்கும். நீரிற் காய்ச்சினால் கஃபீனுடன் வேண்டாதன பலவும் கரைந்து வரும். ஆதலின் வித்திலிருந்து வெளிக்கொணர்தல் எளிது. மற்றையவற்றினின்றும் தூய்தாகப் பிரித்தலே அரிது. நிறுக்கத் தராசும் கரைக்கக் கலமும் அன்றி இன்றைய கருவிகள் எவையும் இல்லாத அக்காலத்தில், சில மாதங்களுக்குள் வெண்பட்டு நூல்போன்ற ஊசிப் பளிங்குகளாக அப்பொருளை அவர் கண்டார். 1820இல் நூலிலும் வெளியிட்டார். பிரான்சு நாட்டினர் 1821இல் தனித்து அதனைக் கண்டனர். 1827இல் தேயிலையிற் காணப்பட்டுத் தேயின் எனப் பெயர்பெற்ற பொருளும் கஃபீனேயென 1838இல் தெளிந்தனர். 1869இல் இலைநோய் தோன்றி நம் நாட்டுக் கோப்பி அழிந்தபோது, அதே மலைச்சாரலில் அதே கைகள் தேயிலையை நட்டன. மாறியது செடியேயன்றி உட்பொருளன்று.

யேனாவில் மருத்துவப் பட்டமும், 1822இல் பேர்லினில் அவுரி நீலம் பற்றிய ஆய்வுக்கு மற்றொரு பட்டமும் பெற்ற ரூங்கே, சிலகாலம் பிறநாடுகளில் திரிந்து பிரெஸ்லோவில் ஆசிரியரானார். ஆயினும் 1830களின் தொடக்கத்தில் அதனைத் துறந்து, பேர்லினை அடுத்த ஒரானியன்பேர்க்கில் பழைய அரண்மனையொன்றில் இயங்கிய இரசாயன ஆலையிற் சேர்ந்தார்.

அங்கு அவர் கையிலெடுத்தது எவரும் வேண்டாத நிலக்கரித் தார். அக்கரிய சேற்றிலிருந்து 1834இல் காபோலிக் அமிலம், பின்னர் அனிலீன் எனப் பெயர்பெற்ற பொருள், கினோலீன், பிறோல் ஆகியவற்றைப் பிரித்தார். அனிலீன் வேறொரு பொருளுடன் கூடி நீலநிறம் தருவதையும் கண்டார். அதனைக் கொண்டு சாயத்தொழில் தொடங்கலாம் என அவர் உரைத்தபோது ஆலையை நடத்தியோர் இசையவில்லை. வித்தின் உள்ளே ஊடுருவிக் கண்டவரின் சொல்லைக் கணக்கேட்டின் மேலட்டையைத் தாண்டிக் காணாதோர் தள்ளினர் என்றே யான் கருதுகின்றேன். 1856இல் இலண்டனில் பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், கினீன் என்னும் அல்கலாய்டினைச் செயற்கையாகச் செய்ய விரும்பி, விடுமுறையில் தம் வீட்டு ஆய்வறையிற் சோதனை செய்தார். கினீன் கிட்டவில்லை, அனிலீனிலிருந்து ஊதாச் சாயம் கிட்டியது. அவர் பெருஞ்செல்வரானார். ரூங்கேயோ 1852லேயே ஆலையிலிருந்து நீக்கப்பட்டுச் சிறு ஓய்வூதியத்துடன் ஒதுங்கியிருந்தார்.

ஒதுங்கியவர் ஓயவில்லை. மைஒற்றுத்தாளிற் பல கரைசல்களைத் துளித்துளியாய் இட்டு, அவை வளையங்களாய்ப் பிரிந்து விரியும் கோலங்களை ஒட்டி 1855இல் ஒரு நூல் வெளியிட்டார். தாளின் வழியே பொருள்களைப் பிரிக்கும் பிற்கால முறைக்கு அதனை ஒரு முன்னோடியாக அறிஞர் கொள்வர். மணஞ்செய்யாத அவர்க்கு அடுக்களையே இறுதி ஆய்வுகூடமாயிற்று. தாமே சமைத்தார், பழங்களிலிருந்து மதுவடித்தார், விருந்தினர்க்கு அளித்து மகிழ்ந்தார். உணவு சமைத்தல், கறை நீக்குதல் போன்றவற்றை இல்லத்தரசிகளுக்கு விளக்கும் கடிதங்களாக எழுதி 1866இல் நூலாக்கினார். கதேயைக் கண்ட கதையையும் பூனையையும் நாம் அறிவது அந்நூலினாலேயே.

1867ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆந் திகதி ஒரானியன்பேர்க்கில் அவர் காலமானார். அதே மார்ச்சு மாதத்தில், லிஸ்டர் என்னும் சத்திரசிகிச்சை மருத்துவர் காபோலிக் அமிலத்தாற் புண்கள் அழுகாமற் காத்த தம் முறையை இலண்டன் மருத்துவ இதழொன்றில் வெளியிடத் தொடங்கியிருந்தார்.