நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன்

உளூவின் சட்டம் ஒன்றை அறிய விரும்பும் ஆலிம், ஸஹீஹுல் புகாரியை முதலிலிருந்து புரட்டுவதில்லை. உளூவின் பாடத்தைத் திறக்கிறார். வேண்டிய ஹதீஸ் அங்கே இருக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்களை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பொருள்வாரியாகப் பிரித்துத் தலைப்பிட்டு வைத்ததன் பயன் அது. உலகின் எல்லா நூல்களுக்கும் அத்தகைய ஓர் ஒழுங்கைத் தேடியவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். நம் இளைஞர்களில் பலர் அவரை அறியார்.

ரங்கநாதன் 1892 ஆகஸ்டில், அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று கணித ஆசிரியரானார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆனால் ஆளரவமற்ற அறையில் வீணே அமர்ந்திருப்பது பிடிக்காமல், சில நாட்களிலேயே வகுப்பறைக்குத் திரும்ப முயன்றார். இங்கிலாந்தில் நூலகவியல் படித்து வந்த பின்னும் மனம் மாறாவிடில் திரும்பலாம் என்ற ஏற்பாட்டில் லண்டன் சென்றார்.

அன்றைய பகுப்பு முறை, அறிவுத் துறைகளை முன்கூட்டியே பத்துப் பத்தாக வகுத்து எண்ணிட்டது. புதிய பொருளில் நூல் வந்தால் இடம் தேடித் திணற வேண்டும். இந்தக் குறை மனத்தை உறுத்திக்கொண்டிருந்த வேளையில், ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். நூலின் பொருளையும் இவ்வாறே துண்டுகளாக்கிக் கோத்தால் என்ன?

சேலம் வட்டாரத்தில் மரவள்ளி நோயைத் தடுப்பது பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். வேளாண்மை, மரவள்ளி, நோய், தடுப்பு, இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. அவற்றை முக்காற்புள்ளியிட்டு இணைத்தால் அந்நூலின் எண் கிடைத்துவிடும். 1933-இல் வெளியான இம்முறை, அப்புள்ளியின் பெயராலேயே கோலன் பகுப்பு முறை எனப்பட்டது.

1925-இல் தாயகம் திரும்பியவர் வகுப்பறையை நாடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நூலகமே அவர் வாழ்வாயிற்று. 1931-இல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. பாஸ்போர்ட்டுக்காகப் பெற்றோரின் நிக்காஹ் பதிவைக் கேட்டு வந்த சகோதரருக்காக நம் பழைய தஃப்தர்களை மூன்று நாட்கள் புரட்டியவர்களுக்கு அவ்விதியின் அருமை தெரியும். பதிவு இருந்தது, பெயர் அகரவரிசைதான் இல்லை.

அவர் உழைப்பின் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. ராசிபுரத்தில் நாம் வீட்டு வரியுடன் செலுத்தும் நூலக வரி அச்சட்டத்தின் வழி வந்ததே.

அவருடைய பகுப்பு முறையைக் கையாளும் நூலகங்கள் குறைவு; எண்கள் நீண்டு கடினமாவதே காரணம் என்பர். பத்தின் பகுப்பு முறையே இன்றும் பரவலாக உள்ளது. எனினும் இணையக் கடையில் நிறம், அளவு, விலை என்று தனித்தனியே குறித்துப் பொருளைத் தேடுகிறோமே, அதன் அடிப்படை அவர் காட்டிய வழியை ஒத்ததே.

1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எளிய வாழ்வில் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்படுத்த வழங்கினார். அதற்குத் தம் பெயரையன்றி மனைவி சாரதாவின் பெயரையே முன்வைத்தார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார்.