லாகோஸின் டினுபு அம்மையார்

மலருக்கு ஒரு கட்டுரை அனுப்பியே ஆகணும் என்று சங்கச் செயலாளர் அன்புக் கட்டளை போட்டுவிட்டார். ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டும் எனக்குக் கவிதையெல்லாம் வராது. எனவே, வேலை நிமித்தமாக நைஜீரியாவில் இருந்தபோது நான் அறிந்துகொண்ட ஒரு பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன்.

லாகோஸ் தீவில் டினுபு சதுக்கம் என்று ஓர் இடம். நம்ம ஊர் பாரிமுனை மாதிரி எப்போதும் ஜனக்கூட்டம். டினுபு யாரோ வெள்ளைக்கார கவர்னர் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, யொரூபா இனத்தில் எக்பா பிரிவைச் சேர்ந்த ஒரு வியாபாரி அம்மா!

எஃபுன்ரோயே டினுபு பிறந்தது ஏறக்குறைய 1810-இல். முதல் கணவர் இறந்தபின், நாடு கடத்தப்பட்டிருந்த லாகோஸ் மன்னர் அடேலேயை மணந்து, படாக்ரி துறைமுகத்தில் புகையிலை, உப்பு வியாபாரம் செய்து செல்வம் சேர்த்தார். 1851-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் லாகோஸைத் தாக்கி, மன்னர் அகிடோயேயை மீண்டும் அரியணை ஏற்றின. அவருடைய ஆட்சியிலும், அடுத்து வந்த மகன் டோசுன்மு ஆட்சியிலும் அம்மையாரின் செல்வாக்கு கொடிகட்டிப் பறந்தது. பிரிட்டிஷ் தூதர் கேம்ப்பெல்லுக்கு அது பொறுக்கவில்லை. அவரது நெருக்குதலால் 1856-இல் அம்மையார் லாகோஸிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். இவரோ அபேகுடா நகருக்குப் போய் மறுபடியும் வியாபாரத்தைத் தொடங்கினார். 1864-இல் தஹோமி படை அந்நகரைத் தாக்கியபோது, வீரர்களுக்கு ஆயுதமும் வெடிமருந்தும் கொடுத்து உதவினார். நகரம் தப்பியது. அதே ஆண்டு எக்பா மக்களின் முதல் இயலோடே ஆனார். பெண்களின் தலைவியாக ஆட்சி விவகாரங்களில் குரல் கொடுக்கும் பட்டம் அது. 1887-இல் அபேகுடாவிலேயே காலமானார்.

இத்துடன் முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் முடிக்க மனசு வரவில்லை. அந்தச் செல்வத்தில் ஒரு பெரும் பங்கு மனிதர்களை விற்றுச் சேர்த்தது. அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1852-இல் கையெழுத்தான பிறகும் அவர் அதை விடவில்லை என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வெள்ளையரை எதிர்த்து நின்றவரும், ஒரு நகரைக் காத்தவரும், தன் இனத்தாரையே விற்றவரும் ஒரே பெண்மணிதான். இதை அறிந்தபிறகு அந்தச் சதுக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையும் வந்தது, நெஞ்சும் கனத்தது.

மாணவத் தம்பி தங்கைகளே! சோதனைச் சாலையில் நமக்குச் சாதகமான ரீடிங்கை மட்டும் குறித்துக்கொண்டு போனால் நம் பேராசிரியர்கள் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவார்களா? பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போதும் அதே கண்டிப்பு வேண்டும். வந்த ரீடிங் அத்தனையையும் எழுதுங்கள். முடிவை அப்புறம் சொல்லலாம்.