ஊழியம் நின்றாலும் நீ பிள்ளைதான்

டோனாவூர் அம்மாவை அறியாதவர்கள் நம்மில் குறைவு. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ல் அயர்லாந்தில் பிறந்தார். 1895-ல் இந்தியா வந்தவர் சொந்த ஊருக்குத் திரும்பவேயில்லை. 1901-ல் கோவில் வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் தஞ்சம் புகுந்தாள். அதுமுதல் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவரே தாய். ராப்பகலாய் ஓட்டம்தான்.

1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருத்துவ ஊழியத்துக்கு எடுத்த வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்த நேரம்; அங்கே தோண்டியிருந்த குழி கண்ணுக்குத் தெரியல. விழுந்து கால் முறிந்தது. வயது 63. அதோடு ஓட்டம் நின்னுபோச்சு. பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் வலியும் அந்த ஒரே அறையும்தான்.

ஊழியமே நான் என்று இருந்திருந்தால் அன்றைக்கே நொறுங்கியிருப்பார். ஆனால் பொறுப்புகளைச் சிறிது சிறிதாக மற்றவர் கையில் கொடுத்தார். படுக்கையிலேயே ஜெபித்தார், புத்தகங்கள் எழுதினார். 1951 ஜனவரி 18-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறைக்கல் வேண்டாம் என்பது அவர் விருப்பம். பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் ஒரு தொட்டிதான் அங்கே இருக்கிறது. அதில் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. பிள்ளைகள் கூப்பிட்ட அம்மை என்ற பெயர் மட்டுமே.

வியாதியஸ்தரைத் தேடி ஓடும் சகோதரியே, ஓய்வுநாள் பள்ளி நடத்தும் தம்பி, இந்த வேலை நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகலாம். அன்னைக்கு நீங்க யார்? இந்த வாரம் ஒரு மணி நேரமாவது ஊழியக்காரனாக அல்ல, வெறும் பிள்ளையாகத் தகப்பன் பாதத்தில் உட்காருங்கள்.